சட்டகத்தின் ஓரங்களைப் பார்த்துப் பழகுவோம்

கேமரா வாங்கிய புதிதில், மயிலாப்பூர் மாட வீதியில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவை அனுமதி கேட்டுப் படமெடுத்தேன். வாழைநாரில் மல்லிகை மொட்டுகளை இரண்டிரண்டாக வைத்து முடிச்சிடும் விரல்களும், ஈரத்துணி மூடிய கூடையும், முகத்தில் விழுந்த காலை வெயிலும் நன்றாகவே பதிவாகியிருந்தன. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தபோதுதான், அவருடைய தலையிலிருந்து முளைத்தது போல ஒரு மின்கம்பம் நிற்பது தெரிந்தது. நம் கண் விரும்பியதை மட்டுமே பார்க்கிறது. கேமராவோ எதிரே இருக்கும் அத்தனையையும் வாங்கிக்கொள்கிறது. நான் இரண்டடி இடப்புறம் நகர்ந்திருந்தால் போதும், கம்பம் அவர் தலையை விட்டு விலகியிருக்கும்.

ஆகவே, படமெடுக்கத் தொடங்குபவர்களிடம் நான் முதலில் சொல்வது, பொத்தானை அழுத்துவதற்கு முன் சட்டகத்தின் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுப் பாருங்கள் என்பதைத்தான். பாதி வெட்டுப்பட்ட கை, மூலையில் எட்டிப்பார்க்கும் பைக் சக்கரம், பளிச்சென்ற பிளாஸ்டிக் பை ஆகியவற்றை விலக்கிவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்றில் ஒரு பங்கு விதியைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள்: சட்டகத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் மும்மூன்று சம பங்காகப் பிரித்து, முக்கியமானதை நடுவில் வைக்காமல் அந்தக் கோடுகளின் மேல் வைப்பது. புகைப்படக்கலை பிறப்பதற்கு முன்பே, 1797-இல், ஆங்கிலேய ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித் நிலக்காட்சி ஓவியங்களுக்காக எழுதிவைத்தது அது. செல்போன் கேமராவின் அமைப்புகளில் கட்டக் கோடுகளை இயக்கிவிட்டு, விடியற்காலையில் மெரினாவுக்குப் போய்ப் பாருங்கள். மேகங்கள் அழகாக இருந்தால் தொடுவானத்தைக் கீழ்க்கோட்டில் வையுங்கள். மணலில் ஏற்றிவைத்த படகுகளும் வலைகளும் முக்கியமென்றால் மேற்கோட்டுக்கு உயர்த்துங்கள். எப்படி வைத்தாலும் கடல் ஒருபக்கம் சரியாமல் இருக்க வேண்டும். மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்குவதால், கடலைப் பார்த்து நிற்கும்போது வெளிச்சம் நம் முதுகுப்புறமிருந்து வரும். படகுகளின் வண்ணங்களுக்கு அந்த நேரமே ஏற்றது என்பது என் கருத்து.

பார்ப்பவரின் கண்ணைப் படத்துக்குள் அழைத்துச் செல்லும் கோடுகளுக்கு, மெரினாவுக்கு அருகிலுள்ள நேப்பியர் பாலத்தின் நடைபாதை போதும். வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும் இடத்தில், எதிரே ஒருவர் நடந்து வரும்வரை காத்திருங்கள்.

கோபுரங்களில்தான் பலரும் தவறுகிறோம். கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் ஏறத்தாழ 120 அடி உயரம். அதன் அடியில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால், கோபுரம் பின்னால் சாய்வது போலத் தெரியும். தெப்பக்குளத்தின் மேற்குக் கரைக்குப் போய்விட்டால், மேற்குக் கோபுரத்தைக் கேமராவை அதிகம் சாய்க்காமலேயே முழுதாக எடுக்கலாம். குளத்தில் நீர் இருந்தால் அதன் பிம்பமும் கிடைக்கும்.

அண்மையில் அந்தப் பூக்கார அம்மாவை மறுபடி எடுத்தேன். இம்முறை தரையில் அமர்ந்து, அவர் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்கி, பின்னால் சாத்திய கடைக் கதவு மட்டும் வருமாறு பார்த்துக்கொண்டேன். அச்செடுத்துக் கொடுத்தபோது, படத்திலிருந்த சரத்தை விரலால் தொட்டு, "நார் கூடத் தெரியுதே தம்பி" என்றார்.