கொல்லைப்புறத்தில் தாண்டூர் நீலக்கல்: மூன்று மாதக் கதை

பின்வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் முப்பது அடி. மழை பெய்தால் சேறு, மற்ற நாளில் புழுதி. அம்மா ஒருமுறை துணி வாளியோடு வழுக்கி விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இண்டர்லாக் கல் போடலாம் என்று தம்பி சொன்னான், எனக்கு அது பெட்ரோல் பங்க் ஞாபகம் தரும், வேண்டாம் என்றுவிட்டேன். கிரானைட் விலை கட்டுப்படியாகவில்லை. அப்படித்தான் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல் பட்டறைக்குப் போனேன்.

அங்கே மூன்று வகை சுண்ணாம்புக்கல் சாய்த்து வைத்திருந்தார்கள். கருப்பாக இருப்பது கடப்பா, நம் வீட்டு அலமாரித் தட்டிலும் பழைய சமையல் மேடையிலும் இருக்கிறதே, அதுதான். பச்சை கலந்த நீலமாக இருப்பது ராஜஸ்தானிலிருந்து வரும் கோட்டா. மூன்றாவது, சாம்பல் நீலத்தில், தெலங்கானாவின் தாண்டூர் பக்கத்துக் கல். அதே பாறைப் படுகை கர்நாடகப் பக்கம் ஷாஹாபாத் வரை போகிறது, அங்கே வெட்டினால் ஷாஹாபாத் கல் என்று பேர். கடைக்காரர் ஒரு மக் தண்ணீரைத் தாண்டூர் கல் மேல் வீசினார். மழைக்கு முந்தைய வானம் மாதிரி ஒரு நீலம் எழுந்து வந்தது. சரி, இதுதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். மறுநாள் காலை வீட்டில் வெயிலில் காய்ந்து கிடந்த கல்லைப் பார்த்தால் வெறும் சாம்பல், தேடிப் பார்த்தால் கொஞ்சம் நீலம். வாங்கப் போகிறவர்கள் தண்ணீர் ஊற்றும் முன்பே ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் நீங்கள் பார்க்கப்போவது அந்த நிறத்தைத்தான்.

நான் எடுத்தது இரண்டுக்கு இரண்டு அடி, ஓரம் மட்டும் மெஷினில் வெட்டியது, மேல் பக்கம் இயற்கையாகப் பிளந்தபடியே. பாலிஷ் போட்டது வெளியில் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். நாலடி அகலப் பாதைக்கு முப்பது கல், உடைசலுக்கு மூன்று கூடுதல். ஒரு கல் கிட்டத்தட்ட 25 கிலோ. குட்டியானைக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இரண்டு நடையாகத்தான் வருவேன் என்றார்.

இந்தக் கல் ஏடு ஏடாகப் படிந்த பாறை, ஏட்டிலேயே பிளந்து எடுப்பதால்தான் இவ்வளவு மலிவு. ஆனால் அதே காரணத்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். ஒவ்வொரு கல்லையும் நிமிர்த்தி வைத்து சாவியால் தட்டிப் பார்த்தேன். நல்ல கல் 'டங்' என்று பாடுகிறது. இரண்டு கல் 'தொப்' என்றது. ஒன்றைத் திருப்பி ஓரத்தைப் பார்த்தால் முடி அளவில் ஒரு கோடு, திருப்புளி நுனியை விட்டதும் அப்பளம் மாதிரி ஒரு ஏடு உரிந்துவிட்டது. கடப்பாவோ கோட்டாவோ எதை வாங்கினாலும் தட்டிப் பார்க்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.

தோண்டியது முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. அடியில் நாலு அங்குலம் ஜல்லியும் குவாரி தூளும் கலந்து தண்ணீர் தெளித்து திம்சு (இடித்து இறுக்கும் கட்டை) போட்டேன், அந்த ஒரு நாளில் தோள்பட்டை கழன்றுவிட்டது. அதன் மேல் ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு எம்-சாண்ட் கலவை. முதல் நாள் ஆர்வக்கோளாறில் நானே ஐந்து கல் பதித்தேன், நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு உருண்டை கலவை வைத்து, மேலே கல்லை அழுத்தி, ரசமட்டம் பார்த்து, பிரமாதமாக இருந்தது. நாலாம் நாள் தம்பி தண்ணீர் டிரம்மை உருட்டினான், மூன்றாவது கல் குறுக்கே பிளந்தது. உருண்டைகளுக்கு நடுவில் வெற்றிடம், கல்லுக்குத் தாங்கல் இல்லை. அதற்கப்புறம்தான் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் கலவையை முழுக்கப் பரப்பி, மேலே சிமெண்ட் பால் ஊற்றி, கல்லின் அடிப்பக்கத் தூசியைக் கழுவி, அப்புறம்தான் இறக்கினார். கல்லின் கனமும் ஒரே மாதிரி இல்லை, முக்கால் அங்குலமும் உண்டு, ஒன்றேகால் அங்குலமும் உண்டு, அதனால் முன்னமே தடிமன் பார்த்துப் பிரித்து அடுக்கச் சொன்னார். அகலம் நாலடிக்கு அரை அங்குலம் வாட்டம், வீட்டுச் சுவரைவிட்டு வெளிப்பக்கமாக. (தாண்டூர் பக்கத்திலெல்லாம் சிமெண்ட் ஆலைகளும் உண்டு. சிமெண்டுக்கும் சுண்ணாம்புக்கல்தான் மூலப்பொருள், சுட்டு அரைத்த கல்லை வைத்துச் சுடாத கல்லை ஒட்டுகிறோம்.)

எல்லாம் முடிந்த அன்று சாயங்காலம் நான் டீ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கேட்டுக்குள் நுழையும்போதே மூக்கில் ஏறும் நெடி. கல் மேல் ஒட்டியிருந்த சிமெண்ட் கறையை எடுக்க, டைல்ஸுக்குச் செய்வதுபோலவே, ஆசிட்டில் தண்ணீர் கலந்து தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கல் மேல் சோடா பாட்டில் திறந்தமாதிரி நுரை. "அழுக்கு போகுது தம்பி, பாரு" என்றார் மேஸ்திரி. போனது அழுக்கு இல்லை, கல். சுண்ணாம்புக்கல் என்றால் கால்சியம் கார்பனேட், ஆசிட் பட்டதும் அது கரைந்து கரியமில வாயுவாகக் கொதிக்கும். ஹோஸ் எடுத்து அடித்து நிறுத்துவதற்குள் தொட்டிப் பக்கம் ஏழு கல்லில் வெள்ளைத் திட்டு.

அவரைக் குறை சொல்ல மனசில்லை, நான்தான் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டி வீட்டுக் கடப்பா மேடையும் எலுமிச்சம்பழம் வெட்டி வெட்டி இப்படித்தானே வெளுத்துச்சு, இதுவும் அதே ஜாதியா?" என்றார். அதே ஜாதிதான். கல் வாங்கும் முன் அம்மாவிடம் கேட்டிருந்தால் போதும்.

சரி செய்ய முடியுமா என்று ஒரு கல்லில் முயன்றேன். 120, 220, 400 என்று சொரசொரப்பு குறைந்துகொண்டே போகும் கார்போரண்டம் கட்டைகளால் வரிசையாகத் தண்ணீர் விட்டு இரண்டு மணி நேரம் தேய்த்ததில் நிறம் ஓரளவு திரும்பியது. ஆனால் இயற்கையான சொரசொரப்பு போய் அந்த ஒன்று மட்டும் கன்னம் மாதிரி வழவழப்பாகிவிட்டது, பக்கத்துக் கல்லோடு சேரவே இல்லை. மீதி ஆறையும் தொடவில்லை. பாலிஷ் கல்லாக இருந்தால் இந்த வேலை பலிக்கும், பிளந்த கல்லுக்கு ஆகாது. மற்ற சிமெண்ட் கறையை பிளாஸ்டிக் சுரண்டியாலும் நைலான் பிரஷ்ஷாலும் சோப்புத் தண்ணீராலும் எடுத்தோம், இரண்டு நாள் பிடித்தது.

அந்த ஈரத்து நீலத்தின் மேல் இருந்த ஆசையும் விடவில்லை. உடைந்த துண்டுகளில் இரண்டு வகை சீலர் அடித்துப் பார்த்தேன். பளபளப்பு தரும் அக்ரிலிக், அடித்த அன்று கடையில் பார்த்த அதே நீலம், மனசு குளிர்ந்துவிட்டது. மே மாதக் கோடைமழை ஒன்று பெய்ததும் ஈரம் உள்ளே மாட்டி பால் ஊற்றியமாதிரி வெளுத்து, ஓரத்தில் உரிய ஆரம்பித்தது. கல்லுக்குள் ஊறும் சைலேன் வகை நிறத்தைத் தொடவே இல்லை, தண்ணீர் மட்டும் முத்து முத்தாக நிற்கிறது. பாதைக்கு அதைத்தான் அடித்தேன். எலுமிச்சையிலிருந்தும் டாய்லெட் கிளீனரிலிருந்தும் அது காப்பாற்றாது, ஈரத்துக்கு மட்டும்தான்.

இடையில் நீலச் சுண்ணாம்புக்கல் என்று தேடியதில் பெல்ஜியத்தின் சுவாஞி பக்கத்துக் கல் கண்ணில் பட்டது. அங்கே அதற்குப் பேர் 'பெத்தி கிரானி', குட்டி கிரானைட். கிரானைட்டே இல்லை. உள்ளே கடல் அல்லி என்ற உயிரினத்தின் உடைந்த துண்டுகள் மினுங்குவதால் வந்த பேர். நானும் லென்ஸ் வைத்து என் முப்பது கல்லிலும் தேடினேன், ஒன்றும் இல்லை. ஓடுள்ள பிராணிகள் கடலில் பெருகுவதற்கு முன்பே படிந்த கல்லில் எப்படி இருக்கும்.

இப்போதைய நிலவரம்: வேலூர் வெயிலில் மத்தியானம் வெறுங்காலோடு நடக்கக் கொஞ்சம் ஓட வேண்டியிருக்கிறது, ஆனாலும் கருப்புக் கடப்பா போட்டிருந்தால் இதைவிடச் சுட்டிருக்கும். சேறு இல்லை. அம்மா சாயங்காலம் தண்ணீர் தெளிக்கும்போது பத்து நிமிஷம் அந்த நீலம் வந்துவிட்டுப் போகிறது, ஆசிட் பட்ட அந்த ஆறு கல் மட்டும் அப்போதும் திட்டுத் திட்டாகவே இருக்கும். இரண்டு இடத்தில் கல் இடுக்குப் பூச்சில் மயிரிழை விரிசல், அதைக் கிளறி ஒன்றுக்கு மூன்று கலவையில் மறுபடி அடைக்க வேண்டும். பின்வாசல் படி இன்னும் பாக்கி, அதற்குக் கல் எடுக்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.