காரோட்ட முடியாதவன் அமெரிக்காவில் ஊர் தேடியது

எனக்கு ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா என்னும் பரம்பரை விழித்திரை நோய் இருக்கிறது. மாலைக்கண்ணாகத் தொடங்கி, பார்வையின் ஓரங்களைச் சிறிது சிறிதாகத் தின்று, கடைசியில் குழாய் வழியே பார்ப்பதுபோல நடுவில் ஒரு வட்டத்தை மட்டும் மிச்சம் வைக்கும் நோய் அது. டெக்சஸ் மாநிலத்தில் டாலஸுக்கு வடக்கே உள்ள ஃப்ரிஸ்கோவில் வீடு, நண்பர்கள், மகனுக்கு விளையாட்டுத் தோழர்கள் என எல்லாம் அமைந்துவிட்ட பிறகுதான் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. அதன்பின் வேறு ஊர் தேடத் தொடங்கி, பிலடெல்பியாவில் குடியேறும்வரை எதை எதற்கு எதிராக வைத்து எடைபோட்டோம் என்பதை இங்கே எழுதுகிறேன். கண் நன்றாகத் தெரிபவர்களுக்கும் இதில் பாதி பயன்படும். ஊரிலிருந்து பெற்றோரை ஆறு மாதத்துக்கு வரவழைத்து வைத்துக்கொள்பவர்களுக்கு முக்கால்வாசி பயன்படும்.

ஃப்ரிஸ்கோவைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மாநில வருமான வரி கிடையாது, பள்ளிகள் நல்லவை, கறிவேப்பிலைக்கும் தோசை மாவுக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டியதில்லை, அனுமன் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பத்து நிமிடமும் காரில் பத்து நிமிடம். டாலஸ் பகுதியின் பொதுப் போக்குவரத்து அமைப்பான டார்ட்டில் ஃப்ரிஸ்கோ உறுப்பு நகரம் அன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம், பேருந்தில் ஏற இயலாதவர்களுக்கு வீட்டு வாசலிலிருந்து வண்டி அனுப்பும் கடமையைப் போக்குவரத்து அமைப்புகள்மீது சுமத்துகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கடமை, ஏற்கெனவே ஓடும் பேருந்துத் தடத்திலிருந்து முக்கால் மைல் தூரம்வரைக்குத்தான். தடமே இல்லாத ஊரில் அந்த உரிமையும் இல்லை. வரைபடத்தில் ஒரு பேருந்துக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது ஒருவனுடைய நடமாட்டத்தையே முடிவு செய்கிறது என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன்.

முதலில் நாங்கள் போட்ட எக்செல் தாள், எல்லோரும் போடுவதுபோன்ற தாள்தான். வீட்டு வாடகை, வரி, பள்ளி மதிப்பெண், குளிர், விமான நிலையம், தமிழ்ச் சங்கம், கோயில் என்று பத்திகள் நீண்டன; ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று போட்டுக் கூட்டிப் பார்த்தால் எல்லா ஊர்களும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் வந்து நின்றன. எதை வேண்டுமானாலும் எதைக் கொண்டும் ஈடுகட்டிவிடலாம் என்று அந்தக் கூட்டல் கருதிக்கொள்வதால் வரும் விளைவு அது. என் மனைவிதான் அதை உடைத்தாள். “இருட்டினதுக்கு அப்புறம் நீங்க தனியா வீட்டுக்கு வந்து சேர முடியுற ஊரா பாருங்க, மத்தது எல்லாம் அதுக்கப்புறம்” என்றாள். அந்த ஒரு நிபந்தனையைத் தேறாத ஊர்களை மதிப்பெண் போடாமலேயே அடித்துவிட்டோம். மிஞ்சியவற்றில் மட்டும், மருந்து ஆய்வுப் புள்ளியியலில் இருக்கும் அவளுக்கு வேலை கிடைக்குமா, பரம்பரை விழித்திரை நோய்களைப் பார்க்கும் மருத்துவமனை இருக்கிறதா, மகனுக்குப் பள்ளி எப்படி, கையில் என்ன மிஞ்சும் என்று அந்த வரிசையிலேயே கேட்டோம்.

இந்த வடிகட்டலில் முதலில் விழுந்தவை, நம்மவர்கள் அதிகம் பரிந்துரைக்கும் ஊர்களே. அமெரிக்காவில் தமிழர் வாழ்க்கை செழித்திருக்கும் இடங்களில் பல, கார் இல்லாமல் பால் வாங்க முடியாத புறநகரங்கள். வட கரோலினாவின் கேரியை நண்பர்கள் விடாமல் சொன்னார்கள். வெங்கடேசுவரர் கோயில் இருக்கிறது. ராலே, டர்ஹாம், சேப்பல் ஹில் மூன்றிலும் பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மருந்து நிறுவனங்களுக்கும் குறைவில்லை. ஆனால் டர்ஹாமையும் சேப்பல் ஹில்லையும் இணைக்கத் திட்டமிட்டிருந்த இலகு ரயில் 2019இல் கைவிடப்பட்டது என்பதைப் படித்ததும் தாளை மூடிவிட்டேன். ஃபீனிக்ஸைச் சொன்னவர் வேறு காரணம் வைத்திருந்தார்: அங்கே ஓட்டுநர் இல்லாத வேமோ கார்கள் ஓடுகின்றன, எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும் என்றார். யோசிக்கத்தக்க வாதம்தான். ஆனால் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள்கள் வெப்பம் 110 ஃபாரன்ஹீட்டைத் தொட்ட ஊரில், ஒரே ஒரு நிறுவனத்தின் செயலியை நம்பி என் அன்றாடத்தை அமைத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை. நியூயார்க், பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ மூன்றும் முதல் நிபந்தனையில் நன்றாகவே தேறின; வாடகையில் விழுந்தன. அவற்றைப் பற்றி அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

மாலைக்கண் உள்ளவனுக்கு வேறு யாரும் பார்க்காத ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது: டிசம்பரில் சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது? வடக்கே போகப் போக இருட்டு சீக்கிரம் வரும் என்று பொதுவாக நினைப்போம். அது பாதிதான் சரி. நேர மண்டலத்தின் எந்த ஓரத்தில் ஊர் இருக்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். சியாட்டில் சிகாகோவைவிட வெகுவாக வடக்கே இருக்கிறது. ஆனாலும் இரண்டிலும் டிசம்பர்த் தொடக்கத்தில் மாலை 4:20ஐ ஒட்டியே சூரியன் மறைந்துவிடும், ஏனென்றால் சிகாகோ மத்திய நேர மண்டலத்தின் கிழக்கு ஓரத்தில் கிடக்கிறது. பாஸ்டனில் அதற்கும் முன்பே. பிலடெல்பியாவில் 4:35, பிட்ஸ்பர்க்கில் 4:53 வாக்கில். பள்ளியிலிருந்து மகனை அழைத்து வருபவனுக்கு இந்த அரை மணி நேரம் பெரிய சொத்து.

ஊர்களை நேரில் பார்க்கக் குளிர்காலத்தையே வேண்டுமென்று தேர்ந்தெடுத்தோம். மே மாதத்தில் எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும். ஒவ்வோர் ஊரிலும் நான் வெள்ளைக் கோலுடன் தனியாகத் தங்குமிடத்திலிருந்து கிளம்பி, மளிகைக் கடைக்கும் நூலகத்துக்கும் போய், இருட்டிய பின் திரும்பி வர வேண்டும். மனைவி இருபதடி பின்னால் வாய் திறக்காமல் வர வேண்டும் என்பது ஏற்பாடு. வாக் ஸ்கோர் போன்ற தளங்கள் கடை எத்தனை தூரம் என்பதை நன்றாகவே சொல்கின்றன. அந்தத் தூரத்தில் தெருவிளக்கு எரிகிறதா, பனியை யார் அள்ளுகிறார்கள், நடைபாதை பாதியில் நின்றுபோய் புல்வெளியில் இறக்கிவிடுகிறதா என்பதை நடந்து பார்த்தால்தான் தெரியும்.

சிகாகோவை அடுத்த ஓக் பார்க் எங்களை ஏறத்தாழ வளைத்துப் போட்டுவிட்டது. சிகாகோ நகர ரயிலின் பச்சைத் தடமும் நீலத் தடமும் அதன் வழியே போகின்றன. மெட்ரா புறநகர் ரயிலும் நிற்கிறது. நடைமேடையில் பொத்தானை அழுத்தினால் தலைக்கு மேல் சிவந்து எரியும் சூட்டு விளக்குகளின் அடியில், முன்பின் தெரியாதவர்களோடு தோளுரச நின்றபோது, இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. பச்சைத் தடத்தில் நகர மையம் போய், சிவப்புத் தடத்துக்கு மாறி லயோலாவில் இறங்கி, 155ஆம் எண் பேருந்தைப் பிடித்தால் டெவன் அவென்யூ. இந்திய மளிகைக் கடைத் தொடரான படேல் பிரதர்ஸ் 1974இல் தன் முதல் கடையைத் திறந்த தெரு. யாரையும் கெஞ்சாமல் நானே போய்ப் புளியும் அப்பளமும் வாங்கி வந்தேன், ஆண்டுகள் கழித்து. ஆனால் லெமான்ட் ராமர் கோயிலுக்குப் போகப் பார்த்தபோது, அந்த ஊர் வழியாகப் போகும் மெட்ரா தடத்தில் வார நாள்களில் மட்டும்தான் வண்டி ஓடுகிறது என்று தெரிந்தது. அலுவலகம் போகிறவர்களுக்கான ரயில் அது. ஞாயிற்றுக்கிழமை பக்தனுக்கு இல்லை. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாலே கால் மணிக்கு இருட்டுவதையும், மனைவிக்கு ஏற்ற வேலைகளில் பல வடக்குப் புறநகரங்களில் இருந்ததையும் சேர்த்துப் பொறுக்க முடியவில்லை.

பிட்ஸ்பர்க் மலிவு, மக்கள் அன்பானவர்கள், வெளிச்சமும் நீடிக்கிறது. மலைச் சரிவுகளில் தெருவுக்குப் பதிலாகவே படிக்கட்டுகள் உள்ள ஊர் அது. நகருக்குச் சொந்தமான படிக்கட்டுகள் மட்டும் 700க்கு மேல். கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாதவனுக்கு அதைவிட விளக்கம் தேவையில்லை.

பிலடெல்பியா மனத்தைக் கவர்ந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். முதல் நடையிலேயே, மேற்கு பிலடெல்பியாவில் பழைய மரங்களின் வேர்கள் நடைபாதைச் செங்கல்லைப் பிளந்து தூக்கியிருந்த இடத்தில் என் கோல் செருகி நின்றது. அங்கே வீட்டின் முன்னுள்ள நடைபாதையைச் செப்பனிடுவது வீட்டுக்காரரின் பொறுப்பு; ஆகவே ஒரு வீட்டின்முன் வழவழப்பான சிமென்ட், அடுத்த வீட்டின்முன் பள்ளம். ஆனால் நிலம் சமம். குறுக்குத் தெருக்களுக்குப் பெயருக்குப் பதில் எண். நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு என்று எண்ணிக்கொண்டே நடக்கலாம். பால்டிமோர் அவென்யூவில் டிராம் ஓடுகிறது. நாற்பதாவது தெருவில் சுரங்கத்துக்குள் நுழைந்து நகர மையம்வரை ஒரே இருக்கையில் போய்விடலாம். வண்டிகள் 1980களில் வந்தவை, படிகள் உயரம். இரண்டாம் முறை ஏறும்போது கால் அந்த உயரத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. இருட்டிய பிறகு, கிளார்க் பூங்காவிலிருந்து தங்குமிடத்துக்கு, தெருவைத் தவறவிடாமல் வந்து சேர்ந்தேன்.

மருத்துவத்தில் அந்த ஊருக்கு ஈடு குறைவு. வில்ஸ் கண் மருத்துவமனை 1832இல் தொடங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஷை கண் மருத்துவ நிறுவனம் மேற்கு பிலடெல்பியாவிலேயே இருக்கிறது. ஆர்பிஇ65 என்ற மரபணுவின் பழுதால் வரும் பார்வையிழப்புக்கு 2017 டிசம்பரில் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற லக்ஸ்டர்னா என்னும் மரபணு மருந்து உருவானதும் இந்த நகரில்தான். என் பழுது வேறு மரபணுவில் இருப்பதால் அம்மருந்து எனக்கு உதவாது. இருந்தாலும், ஆண்டுதோறும் பரிசோதனைக்கு விமானம் ஏறாமல் டிராம் ஏறிப் போகலாம் என்பது பெரிய நிம்மதி.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் பலர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். ஹெச்-1பி என்னும் வேலை விசாவில் இருப்பவர் அதே நிறுவனத்திலேயே இருந்து வேறு பெருநகரப் பகுதிக்கு மாறினாலும், புதிய இடத்துக்கான ஊதிய ஒப்புதலுடன் திருத்த மனுப் போட வேண்டும். பச்சை அட்டைக்கான பெர்ம் என்னும் தொழிலாளர் துறைச் சான்றும் வேலை செய்யும் பகுதியோடு கட்டப்பட்டது. புதிய நிறுவனத்தில் அதை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பச்சை அட்டைக்காகப் பழைய நிறுவனம் போட்ட ஐ-140 என்னும் மனுவின் ஒப்புதல் 180 நாளைக் கடந்துவிட்டால், அவர்கள் அதைத் திரும்பப் பெற்றாலும் அந்த ஒப்புதல் செல்லாததாகிவிடாது. நான், ஹெச்-1பியில் இருப்பவரின் துணைவருக்கான ஹெச்-4 வேலை அனுமதியில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். அந்த அனுமதியே மனைவியின் ஐ-140ஐப் பிடித்துக்கொண்டு நிற்பது. ஆகவே அந்த 180 நாள் முடியும்வரை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

பணக் கணக்கில் டெக்சஸ்தான் வெல்லும். பென்சில்வேனியா மாநிலம் 3.07 விழுக்காடு, பிலடெல்பியா நகரம் சம்பளத்தின்மேல் ஏறத்தாழ 3.75 விழுக்காடு, ஒரு லட்சம் டாலர் சம்பளத்துக்கு ஆண்டுக்கு 6,800 டாலர் அளவுக்குப் புதிய செலவு. நகரவாசி எங்கே வேலை பார்த்தாலும் நகர வரி உண்டு என்பதால் என் சம்பளமும் தப்பவில்லை. மறுபக்கத்தில், டெக்சஸில் சொத்து வரி வீட்டு மதிப்பில் 2 விழுக்காட்டை நெருங்கும், இங்கே 1.4 விழுக்காடு. புதிய கார் ஒன்றை வைத்திருக்க ஆண்டுக்கு 12,000 டாலருக்கு மேல் ஆகும் என்று ஏஏஏ என்னும் வாகன ஓட்டிகள் அமைப்பு 2024இல் கணக்குச் சொன்னது. எங்கள் கார்கள் பழையவை, செலவு அதைவிடக் குறைவு. இரண்டில் ஒன்றை விற்றோம். எல்லாம் கூட்டிக் கழித்தாலும் ஃப்ரிஸ்கோவில் மிஞ்சிய அளவு இங்கே மிஞ்சவில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுக்கிறோம்.

பள்ளியில்தான் நிறைய விட்டுக்கொடுத்தோம். மேற்கு பிலடெல்பியாவில் பென் அலெக்சாண்டர் என்ற அரசுப் பள்ளியின் எல்லைக்குள் வீடு பிடிக்கப் பெரும் போட்டி. எல்லைக்குள் இருந்தாலும் மழலையர் வகுப்பில் இடம் உறுதியில்லை, வாடகை மட்டும் உறுதியாக அதிகம். நாங்கள் அந்த எல்லைக்கு வெளியே, நானே நடந்து கொண்டுபோய் விடக்கூடிய வேறோர் அரசுப் பள்ளியை ஏற்றோம். அதன் தேர்வு மதிப்பெண்கள் ஃப்ரிஸ்கோ பள்ளிகளுக்கு அருகில்கூட வரா. மகனின் ஆசிரியை நன்றாக இருக்கிறார். உயர்நிலைப் பள்ளிக்கு இன்னும் வெகு காலம் இருக்கிறது.

தமிழ் வகுப்பும் பெரும்பாலான கோயில்களும் இங்கும் புறநகரில்தான். அதற்கு மனைவியின் காரும் நண்பர்களின் தயவும் தேவைப்படுகின்றன. ஆனால் ரயிலில் ட்ரெண்டன் போய், அங்கே நியூ ஜெர்சி ரயிலுக்கு மாறி மெட்ரோபார்க்கில் இறங்கினால், எடிசன்–இஸலின் பகுதியின் ஓக் ட்ரீ சாலைக் கடைத்தெரு நடக்கும் தூரம். இன்னும் தொலைவு போக மனமிருந்தால் நியூயார்க் ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்கும் முழுக்க ரயிலிலேயே போய், அதன் அடித்தளத்து உணவகத்தில் தோசை சாப்பிட்டுத் திரும்பலாம். என் மாமனார் வந்திருந்தபோது நாங்கள் இருவர் மட்டும் போய் வந்தோம். கண் தெரிந்தவர் அவர், வழி தெரிந்தவன் நான்.

நாங்கள் வந்து இறங்கிய 2025 கோடையிலேயே போக்குவரத்து அமைப்பான செப்டாவுக்கு நிதி நெருக்கடி முற்றியது. ஆகஸ்டு இறுதியில் 32 பேருந்துத் தடங்கள் நிறுத்தப்பட்டன. நீதிமன்ற உத்தரவுக்குப் பின் செப்டம்பரில் சேவை திரும்பியது, கட்டணம் 2.90 டாலராக உயர்ந்தது. கட்டுமானப் பணிகளுக்கான நிதியை எடுத்து அன்றாடச் செலவுக்குப் பயன்படுத்திக்கொள்ள மாநிலம் இரண்டு ஆண்டுகளுக்கு அனுமதித்திருக்கிறது; நிலையான நிதி இன்னும் அமையவில்லை. எந்த ஒன்றுக்காக ஊர் மாறினோமோ அதுவே ஹாரிஸ்பர்க்கில் உள்ள மாநிலச் சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது. ஆகவே டிராம் தடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி நல்ல விலைக்கு வந்த வரிசை வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாடகை ஒப்பந்தத்தையே ஆண்டுக்கொருமுறை புதுப்பித்து வருகிறோம். அந்த இரண்டு ஆண்டு முடிந்து என்ன ஏற்பாடு வருகிறது என்று பார்த்த பிறகுதான் வீடு வாங்கும் பேச்சு.