ஸ்லீவா, பைபாஸா?

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போதே அக்கா முடிவு சொல்லிவிட்டாள்: "ஸ்லீவ் பண்ணிக்கோடி, சுலபம்." எடை குறைக்க இரைப்பையில் செய்யும் அறுவை சிகிச்சைகளில் ஒன்று அது; இன்னொன்று பைபாஸ். அவளுக்கு ஸ்லீவ் ஒத்துக்கொண்டது. எனக்கோ 9 வருஷச் சர்க்கரை, போதாததுக்கு நெஞ்செரிச்சல். ஈசூன் வீட்டில் மூன்று தலையணை அடுக்கித்தான் தூக்கம்.

ஸ்லீவில் இரைப்பையின் ஏறக்குறைய 80 விழுக்காட்டை வெட்டி எடுத்துவிடுவார்கள். திரும்ப ஒட்ட முடியாது. மிச்சம் வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். உள்ளே அழுத்தம் கூடி, பலருக்கு எரிச்சல் அதிகமாகுமாம். பைபாஸில் சின்னப் பை செய்து சிறுகுடலோடு இணைக்கிறார்கள். எரிச்சல் தணியும், சர்க்கரையும் நன்றாக இறங்கும். பதிலுக்கு ஆயுசுக்கும் வைட்டமின் மாத்திரை. இனிப்பை அள்ளிப் போட்டால் படபடப்பு, வயிற்றுப்போக்கு. முட்டிவலிக்கு நான் முழுங்கும் ஐபுப்ரோஃபெனும் கூடாது, புண் வரும்.

மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் எவ்வளவு எடுக்கலாம் என்று இவர் கணக்குப் போடுகிறார். நான் பைபாஸுக்குத் தலையாட்டிவிட்டேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.