ஃபீஸ் கட்ட டைம் தாண்டிடுச்சா? கோர்ட்டுக்குப் போன எங்க அனுபவம்

ரெண்டு வருஷம் முன்னாடி என் தம்பிக்கு கவுன்சிலிங்ல பிஜி சீட் அலாட் ஆச்சு. ஃபீஸ் கட்ட கடைசி நாள், சாயங்காலம் 5 மணி வரைக்கும் தான் டைம். அப்பா கைமாத்து வாங்கி அக்கவுண்ட்ல பணம் விழவே மூணரை ஆயிடுச்சு. 4.41க்கு பணம் எடுத்தாச்சுன்னு பேங்க் எஸ்எம்எஸ் வந்துச்சு, ஆனா போர்ட்டல்ல பெண்டிங்னே நிக்குது, இன்னொரு தடவ கட்டலாமா வேணாமான்னு பதறிட்டு இருக்கும்போதே 5 அடிச்சு லிங்க் மூடிடுச்சு. மறுநாள் பணம் திரும்பி வந்துடுச்சு, சீட் கேன்சல். அன்னைக்கு அவன் சாப்பிடவே இல்ல.

அட்மிஷன் ஆபீஸ்ல 'ஒண்ணும் பண்ண முடியாது'ன்னு வாய்ல தான் சொன்னாங்க, எழுதித் தரல. ஆறாவது நாள் மதுரைல ஒரு வக்கீல் சாரைப் பாத்தோம், அவர் கேட்ட முதல் கேள்வியே 'எழுத்துல என்னம்மா இருக்கு?' நல்ல வேளையா தம்பி அன்னைக்கு 5.20க்கே ஹெல்ப்டெஸ்குக்கு மெயில் போட்டிருந்தான், மறுநாள் நேர்ல மனு கொடுத்து நகல்ல சீலும் தேதியும் வாங்கி வச்சிருந்தான். அந்த சீல் போட்ட ஒத்தத் தாளும், பேங்க் ஸ்டேட்மெண்டும், மேல டைம் தெரியுற ஸ்க்ரீன்ஷாட்டும் தான் கேஸே.

ஹைகோர்ட் மதுரைக் கிளைல அரசியல் சட்டம் 226ஆவது பிரிவுல ரிட் போட்டோம், அதாவது யுனிவர்சிட்டிக்கு உத்தரவு போடச் சொல்லிக் கேக்குற மனு. கேஸ் முடியுற வரைக்கும் ஒரு சீட்டை காலியா வைக்கணும்னு இடைக்கால மனுவும் சேத்தே போட்டார், இத மட்டும் மறந்துடாதீங்க. கடைசி ரவுண்டு முடிஞ்சு சீட் எல்லாம் நிரம்பிட்டா தீர்ப்பு நம்ம பக்கம் வந்தாலும் உக்கார இடம் இருக்காது. முதல் நாளே யுனிவர்சிட்டி வக்கீல் வாய்தா கேட்டார், ஜட்ஜ் கொடுத்தாங்க, ஆனா சீட்டை நிரப்பக் கூடாதுன்னும் சொல்லிட்டாங்க. அப்போ தான் எங்களுக்கு மூச்சே வந்துச்சு. ரெண்டு வாரத்துல ஃபீஸ வாங்கிக்கச் சொல்லி ஆர்டர் வந்துடுச்சு.

2024ல தன்பாத் ஐஐடி சீட் விஷயம் நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் பக்கம் கூலி வேலை செய்றவரோட பையன், 17,500 ரூபா கட்டணும், ஜூன் 24 சாயங்காலம் 5 மணிக்குள்ள முடியல. எஸ்சி ஆணையம், ஜார்க்கண்ட் சட்டப் பணிகள் ஆணையம்னு அலைஞ்சு, அந்த வருஷம் ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்ட் நடத்துனது ஐஐடி மெட்ராஸ்ங்கிறதால நம்ம சென்னை ஹைகோர்ட் வரைக்கும் வந்து, கடைசில செப்டம்பர் 30 அன்னைக்கு சுப்ரீம் கோர்ட்ல அப்போ தலைமை நீதிபதியா இருந்த சந்திரசூட் பெஞ்ச் சீட் கொடுக்கச் சொன்னாங்க, அதுவும் வேற யார் சீட்டும் போகாம கூடுதலா ஒண்ணு உருவாக்கி. 2021லயும் ஐஐடி பாம்பே சீட்டை பேமெண்ட் பிரச்சனைல விட்ட பையனுக்கு இதே மாதிரி கிடைச்சுது. ஆனா ரெண்டுமே அரசியல் சட்டம் 142ஆவது பிரிவுல வந்தது, முழு நியாயம் கிடைக்கத் தேவையான உத்தரவு போடலாம்ங்கிற அந்த அதிகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்கு மட்டும் தான், அதனால 'அவனுக்குக் கொடுத்தாங்களே எனக்கும் கொடுங்க'ன்னு மட்டும் நம்பிப் போகாதீங்க. எம்பிபிஎஸ் சீட் பத்தி 2019 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது தான் நமக்கு அளவுகோல் மாதிரி. தப்பு மாணவர் மேல இருக்கக் கூடாது, தாமதிக்காம கோர்ட்டுக்கு வந்திருக்கணும். தேதியைப் பாக்காம விட்டுட்டேன்னு போனா ரொம்ப கஷ்டம், அத நான் மறைக்க விரும்பல.

காசு இல்லன்னு தயங்காதீங்க. பெண்கள், எஸ்சி எஸ்டி பிரிவினர்னா வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, மத்தவங்களுக்கு வருமான வரம்புக்குள்ள இருந்தா கிடைக்கும். 15100க்கு ஃபோன் பண்ணாலே வழி சொல்லுவாங்க. ஹைகோர்ட்லயே சட்டப் பணிகள் குழு ஆபீஸ் இருக்கு.

இப்போ இத படிக்கிறப்போ உங்க பேமெண்ட் பெண்டிங்ல நிக்குதுன்னா அந்தப் பக்கத்த மூடாதீங்க. தேதி டைம் தெரியுற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, ட்ரான்ஸாக்ஷன் நம்பரோட இன்னைக்கே மெயில் போடுங்க, நாளைக்குக் காலைல ஆபீஸ் திறக்குறப்போ மனுவும் ஒரு நகலுமா வாசல்ல நில்லுங்க, சீல் வாங்காம திரும்பாதீங்க.