ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில்

2024 செப்டம்பர் 13

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ மாவட்டத்தைச் சேர்ந்த அகில் தீவுக்கு இன்று பிற்பகல் வந்து சேர்ந்தேன். 671 மீட்டர் உயரமுள்ள ஸ்லீவ்மோர் மலையின் தெற்கு அடிவாரத்தில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு, கூரையிழந்த கல்வீடுகள் எண்பதுக்கும் மேல் நிற்கின்றன. மழை விடாததால் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி.

செப்டம்பர் 14

ஒரே ஒரு வீட்டுக்குள் நெடுநேரம் இருந்தேன். சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர், ஒரே அறை. ஒரு கோடியில் அடுப்பு எரிய, மறுகோடியில் மாடு கட்டியிருப்பார்கள். மாட்டின் உடற்சூடும் குளிர்காலத்தில் வீட்டுக்கு உதவியது. சுவரில் சிறு மாடக்குழி ஒன்று இருந்தது. கையை விட்டுப் பார்த்தேன், அடிக்கல் வழவழவென்று இருந்தது.

இங்கிருந்த நில முறைக்கு ரண்டேல் என்று பெயர். குடும்பங்கள் கூட்டாகக் குத்தகை எடுத்து, நல்ல மண்ணும் மட்டமான மண்ணும் எல்லோருக்கும் கிடைக்கும்படி விளைநிலத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொண்டார்கள். மேலே இருந்த மலைச்சரிவு அனைவருக்கும் பொதுவான மேய்ச்சல் தரை.

மாலைச் சூரியன் மேற்கே தாழ்ந்தபோது, அதுவரை வெறும் புல்வெளியாகத் தெரிந்த சரிவு முழுவதும் பாத்திகள் நிழல்கோடுகளாக எழுந்து நின்றன. தரையில் கடற்பாசியை எருவாகப் பரப்பி, இருபுறமும் புல்மண்ணை மண்வெட்டியால் வெட்டி அதன்மேல் கவிழ்த்து, நடுவில் உருளைக்கிழங்கை நட்டார்கள். வெட்டிய பள்ளமே மழைநீரை வடிக்கும் வாய்க்காலாயிற்று. ஆங்கிலத்தில் இவற்றுக்குச் சோம்பேறிப் பாத்திகள் என்று பொருள்படும் பெயர் நிலைத்துவிட்டது. கடற்கரையிலிருந்து பாசியைச் சுமந்து இந்தச் சரிவில் ஏறிய யாரும் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 15

இதைப் பஞ்சம் அழித்த ஊர் என்று சொல்லி முடித்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை. 1845இல் கருகல் நோய் உருளைக்கிழங்கைத் தாக்கியதும், அடுத்த சில ஆண்டுகளில் அயர்லாந்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இறந்ததும், அதே அளவினர் கடல் கடந்ததும் உண்மைதான். ஆனால் இங்கே குடியிருப்பு அற்றுப்போனதே தவிர, ஊரின் பயன் முடிந்துவிடவில்லை. டூவா முதலிய கரையோர ஊர்களைச் சேர்ந்தவர்கள் கோடைதோறும் மாடுகளை இங்கே ஓட்டிவந்து, இதே வீடுகளில் தங்கி, பால் கறந்து வெண்ணெய் எடுத்தார்கள். பூலி எனப்படும் இந்தக் கோடைப்பட்டி வழக்கம் 1940கள் வரை நீடித்தது.

செப்டம்பர் 16

இன்று வேண்டுமென்றே கில்டாவ்னெட் இடுகாட்டுக்குப் போனேன். தீவின் நிலம் வாடகைக்கும் வயிற்றுக்கும் போதாததால், இளைஞர்களும் பெண்களும் ஆண்டுதோறும் ஸ்காட்லாந்துக்குக் கிழங்கு தோண்டப் போனார்கள். 1894 ஜூனில் அப்படிப் புறப்பட்டவர்களின் படகு கிளூ விரிகுடாவில் கவிழ்ந்து 32 பேர் மூழ்கினர். புதிதாகப் போடப்பட்ட, இன்னும் முறைப்படி திறக்காத இருப்புப்பாதையில் அவர்களுடைய உடல்கள் வந்தன. 1937இல், இதே செப்டம்பர் 16 அன்று, கிர்கின்டிலாக் என்னும் ஸ்காட்லாந்து ஊரில் கூலியாட்கள் தங்கும் கொட்டகை தீப்பற்றி, அகில் தீவின் பத்து இளைஞர்கள் மாண்டார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய உடல்களும் அதே பாதையில் ரயிலில் வந்தன. சில நாள்களில் அந்தப் பாதை நிரந்தரமாக மூடப்பட்டது.

அந்தப் பத்துப் பேருக்கும் இங்கே கல்லறை ஒன்றுதான். யாரோ எனக்கு முன்பே வந்து, ஈரம் காயாத பூக்களை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.