மோட்டாரைக் கழற்றாமல் வெல்டிங்: பெல்ட் சாணை, இப்போதைய நிலவரம்

பெல்ட் சாணைக்கு மோட்டார் பிராக்கெட் ஒருவழியாக ஃபிரேமில் ஏறிவிட்டது. மோட்டாரை அதன் இடத்தில் உட்கார வைத்தபடியே டேக் (முழு வெல்டிங்குக்கு முன் பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சின்னப் பொட்டு வெல்டிங்) அடித்தேன். பேரிங் சத்தம் போடவில்லை, காயில் மெக்கரில் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) பழைய அளவையே காட்டுகிறது, பெல்ட்டைச் சுழற்றும் டிரைவ் வீலும் அதை நேராக ஓட வைக்கும் டிராக்கிங் வீலும் ஒரே கோட்டில் நிற்கின்றன. 50×1830 மி.மீ. பெல்ட் ஓட்டுகிறவர்களுக்குக் கடைசியாகச் சொன்னதன் அருமை தெரியும். அரை மில்லி சாய்ந்தாலும் பெல்ட் ஓரம் தேடி ஓடும், டிராக்கிங் திருகைத் திருகித் திருகியே கை ஓய்ந்துவிடும். அதனால்தான் மோட்டாரை வைத்துக்கொண்டே டேக் அடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

மோட்டார் 2 ஹெச்.பி., 2880 ஆர்.பி.எம்., 90 ஃபிரேம் சைஸ், 24 மி.மீ. ஷாஃப்ட். பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கியது. காயில் நன்றாக இருந்தது, ஆனால் ஓட்டிப் பார்த்தபோதே கரகரவென்று ஒரு சத்தம். கிரீஸ் காய்ந்திருக்கும் என்று எண்ணிக் கழற்றினால், ஷாஃப்ட் வெளியே வரும் டிரைவ் பக்கத்து 6205 பேரிங்கின் வெளி வளையத்தில், குண்டுகள் ஓடும் தடத்தில், சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னக் குழிகள். கண்ணாடி வைத்துப் பார்த்தால் விளிம்பு உருகி வழிந்த மாதிரி இருக்கிறது. முக்கியமான விஷயம், குழிக்கும் குழிக்கும் இடையே சம தூரம், அதுவும் குண்டுக்கும் குண்டுக்கும் உள்ள அதே தூரம். அதாவது ஷாஃப்ட் சுற்றாமல் நின்றுகொண்டிருந்தபோது குண்டுகள் வழியாகக் கரண்ட் பாய்ந்திருக்கிறது. வி.எஃப்.டி.யால் (மோட்டார் வேகத்தை மாற்றும் எலக்ட்ரானிக் டிரைவ்) கெட்ட பேரிங் வேறு மாதிரி இருக்கும். அது ஓடும்போது நடப்பதால், தடம் முழுக்க நெருக்கமாகக் குறுக்குக் கோடுகள் விழுந்து தகரக் கூரை போலாகிவிடும். இதில் கோடு இல்லை, பொட்டு பொட்டாகக் குழிதான். யாரோ இந்த மோட்டாரைக் கழற்றாமல் பக்கத்தில் வெல்டிங் அடித்திருக்கிறார்கள் என்று தொண்ணூறு சதவீதம் நம்புகிறேன்.

இரண்டு பக்கமும் புது பேரிங் போட்டாயிற்று. பேரிங் பற்றி ஒரு வார்த்தை: பாரிமுனைப் பக்கம் ஒரே 6205-க்கு ஆளுக்கொரு விலை சொல்வார்கள். பெரிய கம்பெனிப் பெயர் போட்ட டப்பா பாதி விலைக்குக் கிடைத்தால் அது பேரிங் இல்லை, டப்பா மட்டும்தான். பில் கொடுக்கிற டீலரிடமே வாங்குங்கள்.

சரி, வெல்டிங். "மோட்டார் பக்கத்தில் அடிக்கும்போது எர்த் கிளாம்ப்பைப் பக்கத்தில் போடு" என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு பக்கத்தில், எதன் மேல், ஏன் என்று கேட்டால் பதில் வராது. எங்கள் தெரு லேத் பட்டறை அண்ணனிடம் கேட்டேன். "தம்பி, நான் டேபிள்ல கிளாம்ப்பப் போட்டு எத்தன மோட்டார் பெட் அடிச்சிருக்கேன், ஒண்ணும் ஆனதில்ல" என்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, சரிதான். பேரிங் சத்தம் போட ஆரம்பித்தபோது அந்த மோட்டார் வேறு யாரிடமோ அல்லவா இருந்திருக்கும்!

வெல்டிங் கரண்ட் ராடிலிருந்து இறங்கி எர்த் கிளாம்ப்புக்குத் திரும்பியாக வேண்டும். கிடைக்கிற எல்லா வழியிலும் பிரிந்து போகும், சுலபமான வழியில் அதிகமாகப் போகும். ஆர்க்கின் இருபது சொச்சம் வோல்ட் ஆர்க்கிலேயே தீர்ந்துவிடும், அதைப் பற்றிக் கவலை இல்லை. பிரச்சினை அதற்குப் பிறகு வரும் இணைப்புகளில்தான்: பெயின்ட் அடித்த போல்ட், துரு, புது பிளேட்டின் மேலிருக்கும் கறுப்புச் செதில். அங்கெல்லாம் ஒரு வோல்ட், அரை வோல்ட் என்று தேங்கும். அதற்கு இணையாக மோட்டார் வழியாக ஒரு பாதை இருந்தால் அதிலும் கொஞ்சம் பாயும்.

என் சாணையில் மோட்டார் வழியாகப் பாதை எங்கே வந்தது? சாதாரணமாகப் பார்த்தால் இல்லை. ஷாஃப்டில் டிரைவ் வீல், அதன் மேல் துணி பெல்ட், அவ்வளவுதான், ஷாஃப்ட் எதையும் தொடவில்லை. ஆனால் வீல் இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்த எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: நேரான இரும்புப் பட்டை ஒன்றை டிரைவ் வீல் முகத்திலும் டிராக்கிங் வீல் முகத்திலும் அணைத்து சி கிளாம்ப் போட்டு இறுக்கினேன். இப்போது பாதையைப் பாருங்கள். பிராக்கெட், மோட்டார் கால், பாடி, பேரிங், ஷாஃப்ட், அலுமினிய வீல், இரும்புப் பட்டை, ஃபிரேம். வட்டம் பூர்த்தி. பிராக்கெட்டும் ஃபிரேமும் சேரும் இடத்தில் செதில் இருந்தால் முதல் டேக்கின் கரண்டில் ஒரு பங்கு பேரிங் வழியாகத்தான் ஃபிரேமுக்கு வரும்.

ராடைத் தொடும் முன்பே இதை அளந்து பார்த்துவிடலாம். ரிச்சி தெருவில் வாங்கிய 30 வோல்ட் 5 ஆம்பியர் பவர் சப்ளை இருக்கிறது. கரண்ட் லிமிட்டை 5 ஆம்பியரில் வைத்து, நெகட்டிவை எர்த் கிளாம்ப் போடப் போகும் இடத்திலும் பாசிட்டிவை ராடு தொடப் போகும் இடத்திலும் கவ்வினேன். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஷாஃப்ட் நுனியில் இருக்கும் சென்டர் துளையிலும் மற்றதைப் பெயின்ட் சுரண்டிய மோட்டார் காலிலும் அழுத்தினேன். பேரிங்கின் இரு பக்கமும் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று நேராகத் தெரியும்.

கிளாம்ப்பை வெல்டிங் டேபிளில் போட்டால் 60 மில்லிவோல்ட். நான் 2.5 மி.மீ. 6013 ராடை 80 ஆம்பியரில் ஓட்டுகிறேன், அது 5 ஆம்பியரின் 16 மடங்கு. தோராயமாகப் பெருக்கினால் கிட்டத்தட்ட ஒரு வோல்ட். ஒரு வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் குண்டு வளையத்தைத் தொடுவது ஊசி முனை அளவு இடத்தில், அந்த இடம் உருக அதுவே தாராளம். கிளாம்ப்பை ஃபிரேமுக்கு மாற்றினேன், பாதியாகக் குறைந்தது. சேருமிடத்தை ஃபிளாப் டிஸ்க்கால் வெள்ளையாகத் தேய்த்து, பழைய வெல்டிங் கேபிள் துண்டுக்கு இரு முனையிலும் லக் அடித்து பிராக்கெட்டையும் ஃபிரேமையும் இணைத்து, எர்த் கிளாம்ப்பைச் சேருமிடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிராக்கெட்டின் மேலேயே கவ்வினேன். அப்போது 0.4 மில்லிவோல்ட். பார்க்கவே சுகமாக இருந்தது.

அதோடு விடவில்லை. இரும்புப் பட்டையையே எடுத்துவிட்டு, கண்ணாடிக் கடையில் 6 மி.மீ. கண்ணாடியில் ஒரு பட்டை அறுத்து வாங்கி, ஓரத்தைத் தேய்த்து அதை வைத்தேன். கண்ணாடி தட்டை, கரண்ட் கடத்தாது, விலையும் ஒன்றுமில்லை. ரப்பர் வைத்து மெதுவாக இறுக்க வேண்டும், தீப்பொறி பட்டால் அதில் ஒட்டிக்கொள்ளும், மேலே ஈரத் துணி போட்டால் போதும். பாதை அடியோடு அறுந்தது, மீட்டர் காட்டியது பூஜ்ஜியம். கிளாம்ப் இடம், கண்ணாடி இரண்டில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் கிளாம்ப்பைத்தான் சொல்வேன். ஏனென்றால் ஃபிரேமில் நீங்கள் கவனிக்காத இன்னொரு பாதை எப்போதும் இருக்கும்.

அப்படி ஒன்றுதான் மோட்டாரின் பச்சை ஒயர். அது வீட்டு எர்த்தோடு சேர்ந்திருக்கும், வெல்டிங் டேபிளும் எப்படியாவது எர்த்தோடு சேர்ந்திருக்கும். கிளாம்ப் சரியாகப் பிடிக்காத நேரத்தில் வெல்டிங் கரண்ட் அந்த 1 ஸ்கொயர் எம்.எம். ஒயர் வழியாக வீட்டைச் சுற்றி வரும், ஒயர் உருகும். உருகினது வெளியே தெரியாது. பிறகு ஒருநாள் மோட்டார் பாடியில் ஷார்ட் ஆகும்போதுதான் எர்த் இல்லை என்பது தெரியும். ஆகவே வி.எஃப்.டி.யின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்து, மோட்டார் கேபிளை U, V, W, பச்சை என நான்கையும் டிரைவிலிருந்து கழற்றித் தள்ளி வைத்தேன். திரும்ப மாட்டும்போது பச்சைதான் முதலில். ஹெச்.எஃப். ஸ்டார்ட் (தொடாமலே உயர் அதிர்வெண் பொறியால் ஆர்க் பிடிக்கும் முறை) உள்ள டிக் வெல்டிங் மெஷின் வைத்திருப்பவர்கள் டிரைவை அந்த மேஜையை விட்டே எடுத்துவிடுங்கள். அது தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் அடிக்கும், எலக்ட்ரானிக்ஸ் தாங்காது. ராடு வைத்து அடிக்கும் ஸ்டிக் இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை இல்லை.

சூடு பற்றி நான் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. இன்டக்‌ஷன் மோட்டார், உள்ளே காந்தம் கிடையாது, காயில் கிளாஸ் எஃப், 155 டிகிரி தாங்கும். நான்கு மூலையிலும் சின்ன டேக், ஒவ்வொன்றுக்கும் இடையே பாடியைக் கையால் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புகூட இல்லை. ஃபேன் கவரையும் டெர்மினல் பாக்ஸையும் ஈரத் துணியால் மூடினேன். ஃபேன் கவரே இல்லாத, பக்கவாட்டில் ஜன்னல் வைத்த பழைய வகை மோட்டார் என்றால் நிச்சயம் கழற்றிவிடுவேன். ஒரு தீப்பொறி காயில் எனாமலில் உட்கார்ந்தால் போதும். ஆங்கிள் கிரைண்டரில் வரும் இரும்புத் தூளும் அப்படித்தான், சொல்லப்போனால் அதுதான் மோசம். ஹப் மோட்டார் போன்ற காந்தம் வைத்தவை வேறு கதை. சாதாரண நியோடிமியம் 80 டிகிரி தாண்டினாலே பலம் இழக்கும், போதாக்குறைக்கு ஆர்க்கையும் ஒரு பக்கம் இழுக்கும்.

டேக் முடிந்ததும் மோட்டாரை இறக்கிவிட்டு முழு வெல்டிங் அடித்தேன். முழு வெல்டிங்கை மோட்டாரோடு அடிக்க எந்தக் காரணமும் இல்லை. ஒரே மூச்சில் அடித்தால் பிளேட் இழுத்துக்கொள்ளும், அதனால் விரலளவு இங்கே, விரலளவு எதிர் மூலையில் என்று மாற்றி மாற்றி. மோட்டாரைத் திரும்ப ஏற்றியபோது ஒரு காலுக்கு மட்டும் 0.2 மி.மீ. ஷிம் (அடியில் செருகும் மெல்லிய தகடு) தேவைப்பட்டது.

டிரைவை இணைக்கும் முன் மெக்கர். 500 வோல்ட்டில் காயிலுக்கும் பாடிக்கும் 200 மெகா ஓமுக்கு மேல், முன்பும் அதுவேதான். டிரைவை மாட்டிய பிறகு மெக்கர் போட்டால் டிரைவ் போய்விடும், இதை எழுதாமல் விட்டால் யாராவது செய்துவிடுவார்கள். மல்டிமீட்டரில் ஓம் பார்த்து "நல்லா இருக்கு" என்பது கணக்கில் சேராது, அதன் பேட்டரி வோல்ட்டில் பலவீனமான எனாமல் மாட்டாது. பேரிங்குக்கு, பெல்ட் இல்லாமல் ஓட்டி, நீண்ட ஸ்க்ரூடிரைவர் நுனியை பேரிங் கவரிலும் கைப்பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டேன். சீரான சத்தம்.

இன்னும் பாக்கி: இந்த மோட்டார் 415 வோல்ட் ஸ்டார், அதாவது மூன்று காயில்களின் ஒரு பக்க முனைகள் உள்ளே ஒரே புள்ளியில் சேர்ந்திருக்கும். வீட்டு சிங்கிள் ஃபேஸில் ஓடும் 220 வோல்ட் டிரைவுக்கு டெல்டாவாக (காயில்கள் முக்கோணமாகச் சேரும் இணைப்பு) மாற்ற வேண்டும், ஆனால் வெளியே வருவது மூன்றே ஒயர். ஸ்டார் பாயின்ட் காயில் தலைப்பிலேயே கட்டிப் புதைந்திருக்கிறது. இப்போதைக்கு ஸ்டாரிலேயே ஓட்டிப் பார்க்கிறேன், சும்மா சுற்றத் தடையில்லை, கத்தியை அழுத்தினால் திணறும். வார்னிஷைச் சுரண்டி ஆறு ஒயரையும் வெளியே எடுக்கப் பொறுமையான ரீவைண்டிங்காரர் ஒருவர் அம்பத்தூரில் கிடைத்திருக்கிறார். பெல்ட்டுக்குப் பின்னால் நின்று தாங்கும் தட்டைத் தகடான பிளாட்டன் இன்னும் அறுக்கவில்லை. டிரைவுக்குத் தூசி புகாத பெட்டி வேண்டும், இல்லாவிட்டால் இரும்புத் தூள் அதை முடித்துவிடும். ஆனால் மனசு முழுக்க ஃபிரேமைப் படுக்க வைக்கும் கீல் மேல்தான் இருக்கிறது, அதற்கு 12 மி.மீ. பிளேட் வெட்டக் கொடுத்தாயிற்று.