மட்டுவிலிலிருந்து ஸ்காபரோவுக்கு: ஒரு பங்குனி நாட்குறிப்பு

16 மார்ச் 2020, திங்கள். மட்டுவில், யாழ்ப்பாணம்

இன்று முதல் பங்குனித் திங்கள். பன்றித்தலைச்சி அம்மன் கோயிலடியில் நான்கு திங்களும் பொங்க வேண்டும் என்பதற்காகவே இம்முறை ஏப்ரல் 8ஆம் திகதிக்குத் திரும்ப டிக்கெட் எடுத்திருந்தோம். கொரோனாப் பயத்தில் கூட்டத்துக்குள் போக வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. வீட்டு வளவிலேயே கோயில் இருக்கும் பக்கம் பார்த்து மூன்று கல் வைத்தார். பால் பொங்கி வழிந்தபோது, 86 வயதுக் கைகள் இரண்டும் தலைக்கு மேலே உயர்ந்து நின்றன.

மேசன் இன்றும் வரவில்லை. நவம்பரில் வந்து இறங்கியது முதல் மதில் வேலைதான். மூன்று பக்கம் முடிந்துவிட்டது. பின்பக்கத்தில் எட்டடி மட்டும் பழைய பனையோலை வேலி நிற்கிறது, அதன் நடுவே ஒரு பொட்டு, ஆள் நுழையும் சிறு ஓட்டை. பின்வளவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கை சிறுவயதில் அதற்குள்ளால்தான் எங்கள் வீட்டுக்கு வருவாள். போவதற்குள் அதையும் அடைத்துவிட வேண்டும். தனியே இருக்கும் அம்மாவுக்கு அதுதான் பாதுகாப்பு.

இரவு பதினொன்றரைக்கு மகன் அழைத்தான். பிரதமர் ட்ரூடோ சற்று முன்தான் பேசினாராம். கனடா எல்லையை மூடுகிறது, வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடு திரும்பும் நேரம் இது என்றாராம். "அம்மா, ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம்" என்றான். வீடு என்று அவன் சொன்னது ஸ்காபரோவை. நான் படுத்திருந்தது நான் பிறந்த அறையில்.

17 மார்ச், செவ்வாய்

காலையில் விமானக் கம்பனியிடமிருந்து இரண்டு வரி மின்னஞ்சல்: எங்கள் பயணம் ரத்து. தொலைபேசியில் மூன்று மணி நேரம் பாட்டுத்தான் கேட்டது. கடைசியில் ஸ்காபரோவில் டிக்கெட் போடும் ஒரு தமிழ்ப் பிள்ளை, அங்கே நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து இடம் பிடித்துத் தந்தார். வெள்ளி அதிகாலை கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து தோகா, அங்கிருந்து மொன்றியல். ரொறன்ரோவுக்கு இடமே இல்லை.

நான் இவரிடம், "நீங்கள் போங்கள், நான் அம்மாவோடு நிற்கிறேன்" என்றேன். இவர் பதில் சொல்வதற்குள் அம்மா விறாந்தையிலிருந்து குரல் கொடுத்தார். இவரைத் தம்பி என்றுதான் அம்மா கூப்பிடுவார். "தம்பிக்கு நேரத்துக்கு நேரம் ஊசி போட்டுச் சாப்பாடு பார்ப்பது யார்? நான் இந்த வளவில் இதைவிட எத்தனையோ பார்த்துவிட்டேன். நீ போ, பிள்ளை."

அத்துடன் பேச்சு முடிந்தது. சண்டைக்காலத்தில் 1987இலும் இதே விறாந்தையில் இருந்துதான் என்னை அனுப்பி வைத்தார்.

18 மார்ச், புதன்

பெட்டி கட்டினோம். புழுக்கொடியல், பனங்கட்டி, வறுத்து இடித்த மிளகாய்த்தூள் நான்கு கிலோ. தூளை அம்மா மூன்று பைக்குள் போட்டு, ஒவ்வொரு பைக்கும் காற்றை உள்ளங்கையால் அமுக்கி வெளியேற்றி, மண்ணிறப் பட்டி சுற்றினார். பட்டியைப் பல்லால் கடித்து அறுத்தார். கத்தரிக்கோல் பக்கத்தில்தான் கிடந்தது. பல்லால் அறுப்பதுதான் அவருக்குப் பழக்கம்.

மாலையில் புத்தளத்திலும் நீர்கொழும்பை அடுத்த கொச்சிக்கடையிலும் ஊரடங்குச் சட்டம் என்று செய்தி வந்தது. நாளை முதல் வெளிநாட்டுப் பயணிகள் நாட்டுக்குள் வர முடியாது, வெளியேறுபவர்களுக்குத் தடையில்லை. புத்தளம் வழியை விட்டுத் தம்புள்ளை, குருநாகல் வழியாகப் போகலாம் என்றார் வான் சாரதி.

19 மார்ச், வியாழன். ஏ9 வீதி

விடியுமுன் புறப்பட்டோம். தொடக்கூடாது என்று நாங்களே முடிவு செய்திருந்தோம், ஒருவேளை நோய் எங்களிடம் இருந்துவிட்டால் என்ற பயத்தில். அம்மா படியில் நின்று திருநீற்றுத் தட்டைக் கதிரையில் வைத்துவிட்டுப் பின்னால் விலகினார். நாங்களே எடுத்துப் பூசிக்கொண்டோம். வான் ஒழுங்கையில் திரும்பும்வரை அவர் கையை அசைக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

ஆனையிறவில் வெளிச்சம் வந்தது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வண்டிகளையும் போல நாங்களும் நின்று தேங்காய் உடைத்தோம். இவருக்குக் கச்சான் ஒரு சரை வாங்கினேன்.

மாங்குளம் தாண்டியதும் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்தேன். ஊசிப் பையைத் தேடினேன். இல்லை. இன்சுலின் முழுவதும் அம்மாவின் குளிர்சாதனப் பெட்டியில், முட்டைத் தட்டுக்குக் கீழே இருக்கிறது. கையெல்லாம் குளிர்ந்துவிட்டது எனக்கு. திரும்பிப் போனால் விமானம் போய்விடும். போகாவிட்டால் இரண்டு நாள் இவர் ஊசியில்லாமல் இருக்க வேண்டும். இவர் கோபப்படவில்லை. "வவுனியாவில் கிடைக்கும்" என்று மட்டும் சொன்னார், அதுவும் என் முகத்தைப் பார்த்து எனக்காகச் சொன்னதுதான்.

வவுனியாவில் மருந்துக்கடை வாசலில் நீண்ட வரிசை. முன்னால் நின்ற ஒரு தாய், இடுப்பில் காய்ச்சல்காரக் குழந்தையோடு, விசயத்தைக் கேட்டதும் தன் இடத்தை எனக்குத் தந்தார். அவரே பின்னால் போய் நின்றுகொண்டார். பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். இவர் பாவிக்கும் இன்சுலின் பேனா வகை அங்கே இல்லை. குப்பியும் சிறிய சிரிஞ்சும் தந்தார்கள். அளவு ஒன்றுதானா என்று மருந்தாளரிடம் இரண்டு முறை கேட்டு எழுதி வாங்கினேன். சாரதி கடையொன்றில் ஐஸாக உறைந்த தண்ணீர்ப் போத்தல் வாங்கித் துவாயில் சுற்றித் தந்தார். குப்பி அதோடு ஒட்டாமல் நடுவில் இன்னொரு துணி வைத்தோம், உறைந்தால் மருந்து கெட்டுவிடும்.

கட்டுநாயக்காவுக்கு முன்னால் பொலிஸார் நிறுத்தினார்கள். டிக்கெட்டைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இரவு பத்து மணிக்கு உள்ளே போய்விட்டோம்.

20 மார்ச், வெள்ளி

ஒன்பதரை மணி நேரம் பின்னால் போவதால் இந்த நாள் எங்களுக்கு முப்பத்துமூன்றரை மணி நேரம். தோகாவில் அந்தப் பெரிய மஞ்சள் கரடிக்குக் கீழே முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தோம். மொன்றியல் விமானத்தில் ஓர் இடம்கூட வெறுமையாக இல்லை. யாராவது இருமினால் பத்துத் தலை திரும்பியது.

பிற்பகல் மூன்று மணிக்கு இறங்கிக் கைப்பேசியைத் திறந்ததும் செய்தி: மாலை ஆறு மணி முதல் இலங்கை முழுவதும் ஊரடங்கு. நாங்கள் வானத்தில் இருந்தபோதே நாடு மூடிவிட்டது. அம்மாவுக்குச் சமைத்துக் கொடுக்கும் பெண் சாவகச்சேரியிலிருந்து சைக்கிளில் வருபவர். இனி எப்படி வருவார்? அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது, அழைக்கவும் முடியவில்லை. அதிகாரி 14 நாள் வீட்டிலேயே தனித்திருக்கச் சொல்லித் தாளைத் தந்தபோது எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

வெளியே மகன் இருபதடி தள்ளி நின்றான். நாலரை மாதத்துக்குப் பிறகு பார்க்கிறேன், கிட்டப் போக முடியவில்லை. அவனும் மருமகளும் இரண்டு காரில் வந்திருந்தார்கள். ஒன்றை எங்களுக்கு விட்டு, சாவியைப் பானட்டின் மேல் வைத்திருந்தான். உள்ளே எங்கள் குளிர் அங்கிகள், சுடுதண்ணீர்க் குடுவை, இடியப்பம், சம்பல். ஸ்காபரோவுக்கு ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீற்றர். அவர்கள் கார் முன்னே, நாங்கள் பின்னே. இவரும் நானும் மாறி மாறி ஓட்டினோம். தூக்கம் வராமல் இருக்க மகன் தொலைபேசியில் பேசிக்கொண்டே வந்தான். அவனுடைய பின்விளக்கு இரண்டையும் பார்த்தபடி 401 நெடுஞ்சாலையில் வந்தோம்.

கிங்ஸ்டனில் இரவு எட்டு மணி, ஊரில் அதிகாலை ஐந்தரை. தரிப்பிடத்தில் காரை நிறுத்தி அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். "போய்ச் சேர்ந்துவிட்டீர்களா? தம்பி சாப்பிட்டாரா?" சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அரிசி இருக்கிறது" என்றார். அதற்கு மேல் கேட்டால் அழுதுவிடுவேன் என்று வைத்துவிட்டேன்.

22 மார்ச், ஞாயிறு. ஸ்காபரோ

யாழ்ப்பாணத்தில் முதல் தொற்று கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, அரியாலையில் ஆராதனை நடத்திய போதகரைச் சந்தித்த ஒருவருக்கு. வடக்கில் ஊரடங்கு நாளையும் தொடரும். அரியாலை எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை.

இரவு ஒன்பது மணிக்கு அழைத்தேன். அங்கே திங்கள் காலை ஆறரை, இரண்டாவது பங்குனித் திங்கள். அம்மா கைப்பேசியைத் திருப்பிப் பிடிக்கத் தெரியாமல் முதலில் கூரையையும் பிறகு தன் கட்டைவிரலையும் காட்டினார். பிறகு பின்வேலி தெரிந்தது. சனிக்கிழமை காலையிலிருந்து மூன்று நேரமும் சாப்பாடு அந்தப் பொட்டுக்குள்ளால்தான் வருகிறதாம். முதல் நாளே எனக்குச் சொல்லியிருக்கலாமே என்றேன். "இதில் சொல்ல என்ன இருக்கிறது?" என்றார்.

ஓலை அசைந்தது. முதலில் வாழையிலையால் மூடிய பொங்கல் பானையை ஒரு கை உள்ளே தள்ளி வைத்தது. பின்னால் தலை வந்தது. ஐம்பது வயது என் தங்கையின் கொண்டை ஓலையில் சிக்கிக்கொண்டது.

"குனிந்து வா பிள்ளை, இன்னும் குனி" என்றார் அம்மா.